பொதுக் கிணறும் வாடகைக் கணக்கும்



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் மாடிப்படிக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்தப் படியின் திருப்பத்தில் எரியும் விளக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. பல குடும்பங்கள் ஒருங்கே வாழும் கட்டடத்தில், எவருக்கும் தனியுரிமை இல்லாத அந்தப் பொதுவிடங்கள் பழுதுற்றுக் கிடந்தால், குடியிருப்போர் தாம் தரும் வாடகையைக் குறைத்துக் கேட்கலாமா? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் வினா. கேட்பதற்குச் சிறிய வினாவாகத் தோன்றினும், ஈராயிரம் ஆண்டுகளாகச் சட்ட அறிஞர்கள் இதற்கு விடை தேடி வந்துள்ளனர்.

இந்த வினாவை நான் முதன்முதலில் கேட்டது நூலகத்தில் அன்று, ஒரு கிணற்றடியில். 1966-ஆம் ஆண்டுக் கோடை. எனக்கு அப்போது வயது ஏழு. புதுச்சேரி நகரில் ஒரு பழைய வீட்டில் ஆறு குடும்பங்கள் குடியிருந்தோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறையும் ஒரு சிறு சமையற்கட்டும் தனியே உண்டு. நடுவில் முற்றம்; முற்றத்தின் மூலையில் ஒரே கிணறு. மூன்று கோடைகளாக அந்தக் கிணறு தூர் எடுக்கப்படவில்லை. வாளியை விட்டால் அரை வாளி நீரும் அரை வாளிச் சேறும் வந்தன. என் தந்தையார் வீட்டுக்காரரிடம் சென்று, “ஐயா, கிணற்றை இறைத்துத் தூர் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்” என்று பணிவோடு கேட்டார். அதற்கு அவர் கூறிய விடை இன்னும் என் செவியில் ஒலிக்கிறது: “உங்களுக்கு நான் வாடகைக்கு விட்டது அறை. கிணறு எல்லாருக்கும் பொது. பொதுவானதற்கு நான் ஏன் செலவு செய்ய வேண்டும்?”

என் தந்தையார் மறுமொழி கூறாமல் திரும்பிவிட்டார். அந்த விடையில் ஏதோ பிழை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. பிழை எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டியதே இந்த வரலாற்றின் சாரம் எனலாம்.

முதலில் பழைய உரோமாபுரிக்குச் செல்வோம். அந்நகரில் செல்வர்கள் தனி மாளிகைகளில் வாழ்ந்தனர். பொதுமக்களோ ‘இன்சுலா’ எனப்பட்ட பல மாடிக் கட்டடங்களில் வாடகைக்கு வாழ்ந்தனர். கீழ்த்தளத்தில் கடைகள், மேலே செல்லச் செல்ல வறியவர்களின் குடியிருப்புகள். அங்கும் கதவு உடைந்தது, சுவர் விரிந்தது, அண்டை வீட்டார் உயர்த்திக் கட்டிய சுவரால் சாளரத்தின் வெளிச்சம் மறைந்தது. வழக்குகள் எழுந்தன. அவற்றைப் பற்றி அந்நாட்டுச் சட்ட அறிஞர்கள் கூறிய முடிபுகள், ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில் கி.பி. 533-இல் வெளியான ‘டைஜஸ்ட்’ என்னும் பெருந்தொகுப்பில் இடம்பெற்றுள்ளன.

அவற்றுள் இரண்டு முடிபுகள் நமக்கு வேண்டியவை. கி.மு. 39-இல் கான்சல் பதவி வகித்த ஆல்பேனஸ் வாரஸ் என்பவர், குடியிருப்பின் ஒரு பகுதியைச் சற்று வசதிக் குறைவோடு பயன்படுத்த நேர்ந்த அளவிலேயே வாடகையைக் கழிக்கப் புகுதல் முறையன்று என்றார். வீட்டுக்காரர் பழுது பார்க்கும்போது உண்டாகும் சிறு இடையூற்றைக் குடியிருப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. பிற்காலத்தவரான கேயஸ் என்பவரோ, கதவுகளும் சாளரங்களும் மிகவும் சிதைந்து, வீட்டுக்காரர் அவற்றைச் சீர்செய்யாது விட்டால், குடியிருப்பவர் வீட்டை விட்டு நீங்கலாம் என்றும், வாடகை கேட்டு வழக்கிட்டால் அதைக் குறைத்தே கணக்கிட வேண்டும் என்றும் கூறினார்.

இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குங்கள். சிறு குறைக்குக் கழிவு இல்லை; பெருங்குறைக்குக் கழிவு உண்டு. வாடகை என்பது சுவருக்குக் கொடுக்கும் விலையன்று. வாழ்வதற்கு ஏற்ற நிலைக்குக் கொடுக்கும் விலை. அந்த நிலை குறையும்போது விலையும் குறைய வேண்டும். இந்தத் தராசைத்தான் பின்வந்த நாடுகள் யாவும் தத்தம் கையில் ஏந்தின.

உரோமானியச் சட்டத்தின் சாற்றைப் பிழிந்து, 1804-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள் பிரான்சு நாடு தன் சிவில் சட்டத் தொகுப்பை வெளியிட்டது. நெப்போலியன் ஆட்சியில் பிறந்த அத்தொகுப்பு கடல் கடந்து நம் ஊருக்கும் வந்தது. 1819-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகளில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. இந்தியர்கள் தத்தம் சமயத்துக்கும் குலத்துக்கும் உரிய வழக்கங்களின்படியே தீர்ப்புப் பெறுவர் என்ற பாதுகாப்பும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது.

வீட்டு வாடகையைப் பற்றி அந்தத் தொகுப்பு கூறுவதைக் கேளுங்கள். வீட்டை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டியவர் வீட்டுக்காரர். எந்தப் பயனுக்காக விட்டாரோ அந்தப் பயனுக்கு ஏற்றவாறு வாடகைக் காலம் முழுதும் அதைப் பேணி வர வேண்டியவரும் அவரே. உடைந்த சாளரக் கண்ணாடி, தரையில் பெயர்ந்த ஓரிரு ஓடுகள், சுவரின் அடியில் உதிர்ந்த பூச்சு போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவரைச் சேரும். ஆனால் அவையும் முதுமையால் நேர்ந்தனவாயின் வீட்டுக்காரரையே சேரும். அவசரப் பழுதுபார்ப்பு நாற்பது நாளுக்கு மேல் நீடித்தால், இழந்த காலத்துக்கும் இழந்த பகுதிக்கும் தக்கபடி வாடகை குறைக்கப்படும். இந்த நாற்பது நாள் வரம்பைப் பிரான்சு 2014-ஆம் ஆண்டில் இருபத்தொரு நாளாகக் குறைத்துவிட்டது.

இவற்றினும் எனக்கு வியப்பளித்தது 1756-ஆம் பிரிவு. கிணறுகளையும் கழிவுக் குழிகளையும் தூர் எடுத்துத் துப்புரவு செய்யும் பொறுப்பு, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, வீட்டுக்காரரையே சேரும் என்று அது விதிக்கிறது. ஆசிரியப் பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்த வரியை நான் படித்தேன். படித்தவுடன் கிணற்றடியில் வாய் பேசாது நின்ற என் தந்தையார் கண்முன் தோன்றினார். அவர் தேடிய விடை 147 ஆண்டுகளாக அதே நகரத்துச் சட்டப் புத்தகத்தில் அச்சாகிக் கிடந்தது!

“பிரெஞ்சு ஆட்சிதான் முன்னரே முடிந்துவிட்டதே?” என்று நீங்கள் வினவலாம். 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. ஆயினும் ஆட்சி மாறிய அன்றே சட்டங்கள் யாவும் மாறிவிடவில்லை. பழைய சட்டங்கள், புதியவை வந்து அவற்றின் இடத்தைப் பெறும் வரை நீடித்தன. இந்தியாவின் சொத்து மாற்றுச் சட்டம் முதலியன 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகவே புதுச்சேரிக்கு விரிவாக்கப்பட்டன. கட்டட வாடகையைக் கட்டுப்படுத்தும் புதுச்சேரிச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. ஆகவே 1966-ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் கிணற்றுக்கு உரிய சட்டம் பிரெஞ்சுச் சட்டமே. சட்டம் இருந்தது, அதை அறிந்தவர் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் நிலைமை எவ்வாறு இருந்தது? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், தன் 108-ஆம் பிரிவில் ஒரு வழியைக் காட்டியது. வீட்டுக்காரர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புப் பெற்றும் தக்க காலத்துக்குள் செய்யாது போனால், குடியிருப்பவர் தாமே செய்து கொண்டு, அந்தச் செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ‘கடமைப்பட்ட’ என்பதே இவ்விதியின் உயிர்ச்சொல். பிரெஞ்சுத் தொகுப்பு பழுதுபார்க்கும் கடமையைத் தானே வீட்டுக்காரர்மீது சுமத்தியது. இந்தியச் சட்டமோ அதைப் பெரும்பாலும் இருவருக்கும் இடையே உள்ள உடன்பாட்டுக்கும் வழக்கத்துக்கும் விட்டுவிட்டது.

பம்பாயில் ‘சால்’ எனப்படும் தொகுப்பு வீடுகளில் ஆலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தனர். ஒரு நீண்ட தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள், தளத்தின் ஓரத்தில் பொதுக் குழாயும் பொதுக் கழிப்பிடமும். அத்தகைய வாழ்வில் பொதுவிடம் பழுதானால் அறையும் பயனற்றுப் போகும். இதை உணர்ந்த 1947-ஆம் ஆண்டுப் பம்பாய் வாடகைச் சட்டம், குடியிருப்போர் பலர் ஒன்றுசேர்ந்து அறிவிப்புக் கொடுத்துப் பழுதுபார்த்து, வாடகையில் ஓர் அளவுக்கு உட்பட்டுக் கழித்துக்கொள்ள இடமளித்தது. மேலும், வீட்டுக்காரர் தக்க காரணமின்றி நிறுத்தக் கூடாத இன்றியமையா வசதிகளைப் பட்டியலிட்டபோது, தண்ணீர், மின்சாரம், துப்புரவு ஆகியவற்றோடு, நடைவழியிலும் மாடிப்படியிலும் உள்ள விளக்குகளையும் சேர்த்தது. அறைக்கு வெளியே எரியும் விளக்கும் குடியிருப்பவரின் உரிமையே என்பதை எழுத்தில் ஏற்றிய சட்டம் அது.

ஆனால் பம்பாயின் கதை ஒரு பக்கம் மட்டும் உடையதன்று. அதே சட்டம் பழைய வாடகைகளை 1940-ஆம் ஆண்டு நிலையோடு கட்டிப்போட்டது. விலைவாசி பன்மடங்கு உயர்ந்தும் வாடகை உயரவில்லை. கிடைக்கும் வாடகை கூரைச் செலவுக்கே போதாது என்றால் கூரையைப் பேணுபவர் யார்? கட்டடங்கள் சரிந்தன; உயிர்கள் மாய்ந்தன. 1969-ஆம் ஆண்டில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கவென்றே தனிச்சட்டம் இயற்றி, வரி தண்டி, ஒரு வாரியத்தையும் அமைக்க வேண்டியதாயிற்று. பொதுவிடத்தைப் பேணாத வீட்டுக்காரருக்கு முழு வாடகை தருவது அநீதி. பேணுவதற்குப் போதாத வாடகையைத் தந்துவிட்டுப் பேணவில்லை என்று குறை கூறுவதும் நீதியன்று.

நம் பக்கத்து மாநிலத்தின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இக்கணக்கை இன்னும் தெளிவாகப் போட்டது. நியாய வாடகையை நிர்ணயிக்கும்போது மனையின் மதிப்பு, கட்டடச் செலவு ஆகியவற்றோடு வசதிகளின் செலவையும் சேர்க்க அது வழிவகுத்தது. லிப்ட் எனப்படும் மின்தூக்கி, மேல்நிலைத் தொட்டி, நீரேற்றும் மின்மோட்டார், சுற்றுச்சுவர், தோட்டம் முதலியன அந்த வசதிப் பட்டியலில் இடம்பெற்றன. அவை வாடகையைக் கூட்டும் பொருள்கள். கூட்டலில் இடம்பெற்ற பொருள், அது பழுதுற்றுக் கிடக்கும்போது கழித்தலிலும் இடம்பெற வேண்டும் அன்றோ? கிணற்றடியில் கூறப்பட்ட விடையின் பிழை இதுவே. வாடகை பேசும்போது “கிணறுள்ள வீடு” என்று சொல்லிக் கேட்டவர், தூர் எடுக்கும்போது மட்டும் “கிணறு பொது” என்று விலகிவிட்டார். பொதுவானது என்பதன் பொருள் ‘ஒருவருக்கும் உரியதன்று’ என்பதன்று. ஆறு குடும்பங்களும் அதற்கு ஆறு முறை வாடகை தந்துகொண்டிருந்தன என்பதே.

அந்தச் சட்டத்தில் பழுதுபார்ப்புச் செலவை வாடகையில் கழிக்கவும் வழி இருந்தது. ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனுச் செய்து, அவர் விசாரித்து ஆணையிட்ட பின்னரே கழிக்கலாம். அதே சட்டம் வேண்டுமென்றே வாடகை கட்டாதவரை வெளியேற்றவும் இடமளித்தது. ஆகவே ஆணை பெறாது தாமே வாடகையை நிறுத்தியவர்கள், நியாயம் தம் பக்கம் இருந்தும் வீட்டை இழக்கும் இடரில் நின்றனர். இச்சட்டத்தின் இடத்தில், 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

இனி வெளிநாட்டு வழக்குகள் இரண்டைக் காண்போம். ஒன்றில் குடியிருப்போர் வென்றனர்; மற்றொன்றில் நெறி வென்றது, வழக்கிட்டவர் தோற்றனர். இரண்டுமே நமக்குப் பாடம்.

முதலாவது நியூயார்க் நகரில் நடந்தது. 1976-ஆம் ஆண்டு மே மாதம், பார்க் வெஸ்ட் வில்லேஜ் என்னும் பெருங்குடியிருப்பின் துப்புரவுப் பணியாளரும் பராமரிப்புப் பணியாளரும் பதினேழு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். குப்பை மலைபோல் குவிந்தது, நாற்றம் பரவியது, பூச்சிகளும் எலிகளும் பெருகின. சுகாதாரத் துறை அங்கே நெருக்கடி நிலையை அறிவித்தது. குடியிருப்போரின் அறைகளுக்குள் சுவரும் கூரையும் நன்றாகவே இருந்தன, கெட்டது பொதுவிடமே. வழக்கு மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றம் வரை சென்றது. 1979-இல் அந்நீதிமன்றம், வீடு என்பது வாழத்தக்கதாக இருக்கும் என்ற உறுதி ஒவ்வொரு வாடகை உடன்பாட்டிலும் அடங்கியுள்ளது என்றும், பொதுவிடங்களும் அவ்வுறுதிக்கு உட்பட்டவை என்றும் கூறி, வாடகையில் பத்தில் ஒரு பங்குக் குறைப்பை ஏற்றது. குறை எவ்வளவு, அது எத்தனை நாள் நீடித்தது, எத்துணைப் பேரைத் தாக்கியது என்று அளந்து அதற்கேற்ற பங்கைக் குறைப்பதே இன்றைய முறை. செருமானிய நாட்டில் 1900-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் தொகுப்பும், குறையின் அளவுக்கேற்ப வாடகை குறையும் என்னும் நெறியைக் கொண்டுள்ளது.

இரண்டாவது வழக்கு இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் எழுந்தது. நகராட்சி கட்டிய பதினைந்து மாடிக் கட்டடம். மின்தூக்கிகள் அடிக்கடி நின்றன; படிக்கட்டில் விளக்கில்லை; குப்பை இறங்கும் குழாய்கள் அடைபட்டன. அங்குக் குடியிருந்த ஒரு தம்பதியர் வாடகையைத் தர மறுத்தனர். 1976-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. படிக்கட்டையும் மின்தூக்கியையும் விட்டால் மேல்மாடி வீட்டுக்குச் செல்ல வழியே இல்லை. ஆதலின், எழுத்தில் இல்லாவிடினும், அவற்றைத் தக்க கவனத்தோடு பேண வேண்டிய கடமை வீட்டுக்காரராகிய நகராட்சிக்கு உண்டு என்று அது வகுத்தது. ஆனால் அந்த வழக்கில் நகராட்சி தன் கடமையில் தவறியதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று முடிவு கூறியது. காரணம் யாது? பழுதுபார்க்கப் பழுதுபார்க்க, அழிவு வேலை செய்வோர் மீண்டும் மீண்டும் உடைத்துக்கொண்டிருந்தனர். பயன்படுத்துவோர்க்கும் தம் பங்குப் பொறுப்பு உண்டு என்பதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினர்.

நம் நாட்டின் அண்மைக்கால முயற்சிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், படிக்கட்டு, மின்தூக்கி, பொது நுழைவாயில், மொட்டைமாடி முதலியவற்றைப் ‘பொதுப் பகுதிகள்’ என்று வரையறுத்துப் பெயரிட்டது. 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், வீட்டுக்காரர் செய்யாத பழுதுபார்ப்பைக் குடியிருப்பவர் செய்து வாடகையில் கழிக்க வழி காட்டுகிறது. எனினும் எந்த மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழித்தல் கூடாது என்று வரம்பிடுகிறது. நடைவழி, படிக்கட்டு, மின்தூக்கி ஆகியவற்றின் விளக்குகள் அதிலும் இன்றியமையா வசதிகளாக எண்ணப்படுகின்றன. பெயர் சொல்லத்தக்கபடி மாதிரிச் சட்டமே அது. மாநிலங்கள் ஏற்று இயற்றினால்தான் அதற்கு உயிர் உண்டாகும்.

நான் இப்போது வாழும் மூலக்குளம், நகரிலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையில் உள்ளது. தன் பெயரிலேயே ஒரு பொது நீர்நிலையைத் தாங்கி நிற்கும் ஊர் அது. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன. கிணற்றின் இடத்தை ஆழ்துளைக் குழாயும் மோட்டாரும் பிடித்துக்கொண்டன. ரேழியின் இடத்தை மாடிப்படி பிடித்துக்கொண்டது. வினா மட்டும் மாறவில்லை. படியில் விளக்கு எரியாவிடில் தடுக்கி விழும் முதியவர், “இது என் வீட்டுக்குள் நடக்கவில்லையே” என்று யாரிடமும் முறையிடாது போகிறார். வீட்டை விட்டவர் சங்கத்தைக் கை காட்டுகிறார். சங்கம் பணம் தராதவரைக் கை காட்டுகிறது. ‘பொது’ என்ற சொல் இங்கேயும் பொறுப்பை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

மாணவர்களே, எங்கள் கிணற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். ஆறு குடும்பத்தாரும் பணம் திரட்டி, ஆள் வைத்து, ஒரு பகல் முழுதும் நீர் இறைத்துத் தூர் எடுத்தார்கள். அந்த மாதமும் வாடகையை முழுதாகவே கட்டினார்கள். கழிக்கலாம் என்று வழக்கிடும் உரிமை தமக்கு இருந்ததை அவர்கள் அறியவில்லை. தூரோடு மேலே வந்தவை எவை தெரியுமா? ஏழெட்டுப் பழைய வாளிகள், ஒரு பித்தளைச் செம்பு, உடைந்த சட்டிகள், நாங்கள் சிறுவர் எறிந்த செங்கற்கள். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்காரரின் கடமை தவறியது உண்மை. எங்கள் கையும் அந்தத் தூரில் இருந்தது என்பதும் உண்மை.

ஆகவே, நாளை நீங்கள் ஒரு வீட்டுக்கு வாடகை பேசும்போது, அறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். படியைப் பாருங்கள்; விளக்கைப் பாருங்கள்; நீர்த்தொட்டியைப் பாருங்கள். அவற்றைப் பேணுபவர் யார் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பழுது நேர்ந்தால் தனியே முணுமுணுக்காது, அண்டை வீட்டாரோடு சேர்ந்து எழுத்தால் அறிவியுங்கள். உரிய அலுவலரை நாடுங்கள். அதற்கு முன்னர் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். இவை யாவற்றுக்கும் மேலாக, பொதுக் கிணற்றில் செங்கல் எறியாதீர்கள்.